எந்தச் சாய்வில் படுத்துத் தள்ளுவது?

திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு மேல் புனேயின் புதிய சாங்வியில் எந்த ஜிம்முக்குப் போனாலும் ஃப்ளாட் பெஞ்சைச் சுற்றித்தான் கூட்டம். ஹிஞ்சவடியில் வேலை முடித்து பைக்கில் வந்து இறங்கும் ஐ.டி. பையன்கள், பிம்ப்ளே குரவிலிருந்து வரும் கல்லூரி மாணவர்கள், ஔந்த் பாலத்தைத் தாண்டி வருகிறவர்கள் என்று எல்லோருக்கும் அன்றைக்கு ‘செஸ்ட் டே’. பக்கத்திலேயே சாய்வு பெஞ்ச் காலியாகக் கிடக்கும். அதன்மேல் யாருடைய துண்டோ, தண்ணீர் பாட்டிலோ இருக்கும். சில மாதங்கள் கழித்து இந்தப் பையன்களைப் பக்கவாட்டில் நிற்கவைத்துப் பார்த்தால் விளைவு தெரியும். மார்பின் கீழ்ப்பாதி திரண்டிருக்கும். காறையெலும்புக்குக் கீழே பள்ளமாக இருக்கும். தோள் முன்னால் வளைந்திருக்கும்.

எடை போதவில்லை என்று நினைத்து அடுத்த வாரம் பாரின் இரு பக்கமும் இன்னொரு இரண்டரைக் கிலோ தட்டைச் சேர்க்கிறார்கள். பலம் கூடும், சந்தேகமில்லை. ஆனால் பள்ளம் பள்ளமாகவே இருக்கும். பாரில் எத்தனை தட்டு ஏறியது என்பதைப் பார்த்து பெஞ்ச் பிரஸ் வகையைத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு. மார்பு முழுமையாக வளர வேண்டுமென்றால் தசையிழைகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன, நம் முழங்கை எந்தப் பாதையில் போய் வருகிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மார்பின் முன்புறத்தை மூடியிருப்பது பெரும் மார்புத்தசை. ஜிம்மில் ‘பெக்’ என்பார்கள். ஒரே தசைதான், ஆனால் ஓரிடத்தில் தொடங்குவதில்லை. மேல் இழைகள் காறையெலும்பின் உள்பாதியிலிருந்து புறப்படுகின்றன. நடு இழைகளும் கீழ் இழைகளும் மார்பெலும்பிலிருந்தும் மேல் விலாக்களின் குருத்தெலும்புகளிலிருந்தும் வருகின்றன. இன்னும் கீழே, வயிற்றுத் தசையின் உறையிலிருந்தும் கொஞ்சம் இழைகள் சேர்ந்துகொள்கின்றன. விரித்த விசிறி கைப்பிடியில் ஒடுங்குவதுபோல இவை எல்லாம் அக்குள் பக்கமாக ஒடுங்கி, ஒரு தட்டையான தசைநாணாக மாறி, மேல்கை எலும்பில் போய் ஒட்டுகின்றன. ஒட்டும் இடத்தில் ஒரு முறுக்கு உண்டு. காறையெலும்பிலிருந்து இறங்கி வரும் இழைகள் கையெலும்பில் கீழேயும், அடிமார்பிலிருந்து ஏறி வரும் இழைகள் மேலேயும் ஒட்டும்படி தசைநாண் திரும்பிக்கொள்கிறது. காயத்தைப் பற்றிப் பேசும்போது இந்த முறுக்குக்குத் திரும்ப வருகிறேன்.

எந்தத் தசையும் தன் இழை ஓடும் திசையில்தான் இழுக்கும். இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். இடது கை விரல்களை வலது காறையெலும்புக்குச் சற்றுக் கீழே வையுங்கள். வலது கையை இடுப்பருகே வைத்து, ஒரு கனமான பெட்டியை முகத்துக்கு நேரே மேல்நோக்கித் தள்ளுவதுபோல மெதுவாக உயர்த்துங்கள். விரலுக்கடியில் தசை இறுகும். இப்போது விரல்களை மார்பின் கீழ் விளிம்புக்கு இறக்கி, வலது உள்ளங்கையை மேசைமேல் வைத்துக் கீழே அழுத்துங்கள். இந்த முறை அடிப்பகுதி இறுகும். மேல்பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கும். பெஞ்சைச் சாய்ப்பதன் பயன் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. உடலைச் சாய்த்தால் எடையின் திசைக்கும் இழையின் திசைக்கும் உள்ள உறவு மாறுகிறது.

எவ்வளவு சாய்ப்பது என்பதில்தான் ஆராய்ச்சியாளர்கள் நீண்ட காலம் ஒத்துப்போகவில்லை. தோலின்மேல் மின்முனைகளை ஒட்டி, தசை வேலை செய்யும்போது எழும் மின்சைகையை அளப்பது இ.எம்.ஜி. முறை. 1995-இல் பார்னெட், கிப்பர்ஸ், டர்னர் மூவரும் அந்த முறையில் அளந்தபோது, சாய்வு பெஞ்சில் மேல்மார்பு ஃப்ளாட் பெஞ்சைவிட அதிகமாக வேலை செய்ததாகத் தெரியவில்லை. பெஞ்ச் நிமிர நிமிர முன்தோள் தசைதான் கூடுதலாக உழைத்தது. 2010-இல் டிரெப்ஸும் சகாக்களும் அளந்தபோது முடிவு வேறாக வந்தது: 44 பாகை, 56 பாகைச் சாய்வுகளில் மேல்மார்பு ஃப்ளாட்டைவிட அதிகமாக இயங்கியது, நடுமார்பின் பங்கு குறைந்தது. 2020-இல் ஸ்பெயினைச் சேர்ந்த ரோட்ரிகஸ்-ரிடாவோ குழு, பயிற்சி உள்ள 30 பேரை 0, 15, 30, 45, 60 என்று ஐந்து கோணங்களில் படுக்கவைத்துப் பார்த்தது. மேல்மார்பு உச்சத்தில் இயங்கியது 30 பாகையில். 45-ஐத் தாண்டியதும் மார்பின் எல்லாப் பகுதிகளும் பின்வாங்க, முன்தோள் வேலையை எடுத்துக்கொண்டது.

மின்சைகை வேறு, வளர்ச்சி வேறு என்பதை மறக்கக் கூடாது. ஒரு நாள் அளவையில் தசை அதிகம் இயங்கியது என்பதால் அது அதிகம் பருக்கும் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் 2020-இல் வெளிவந்த சாவெஸ் குழுவின் ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதுவரை பயிற்சி செய்திராத 47 இளைஞர்களைப் பிரித்து எட்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு ஃப்ளாட் மட்டும், இன்னொன்றுக்குச் சாய்வு மட்டும், மற்றொன்றுக்கு இரண்டும் கலந்து. பிறகு அல்ட்ராசவுண்டில் தசையின் தடிமனை அளந்தார்கள். மேல்மார்பில் சாய்வு பெஞ்ச் பிரிவினருக்கே வளர்ச்சி கூடுதல். நடுமார்பிலும் கீழ்மார்பிலும் பிரிவுகளுக்கிடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை. சாய்வில் தள்ளியவர்கள் கீழே எதையும் இழக்கவில்லை, மேலே கொஞ்சம் சேர்த்துக்கொண்டார்கள் என்று பொருள். ஒரே ஒரு பெஞ்ச் வகையைத்தான் செய்ய முடியும் என்று யாராவது என்னிடம் சொன்னால், 30 பாகைச் சாய்வைத்தான் சொல்வேன்.

ஆனால் அந்த 30 பாகையை ஜிம்மில் கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதில்லை. நம் பகுதி ஜிம்களில் இருக்கும் சாய்வு பெஞ்சுகளில் பல, பற்றவைத்து நிலையாக நிறுத்தப்பட்டவை. பார்க்கும்போதே நாற்பத்தைந்துக்குக் குறையாது. சாய்வை மாற்றக்கூடிய பெஞ்சிலும் துளைக்குப் பக்கத்தில் எண் இருக்காது. கைப்பேசியில் மட்டம் பார்க்கும் செயலி இருக்கிறது. அதைத் திறந்து போனை முதுகுப்பலகைமேல் நீளவாக்கில் படுக்கவைத்தால் கோணத்தைக் காட்டிவிடும். பெரும்பாலும் கீழிருந்து இரண்டாவது துளையிலேயே 30 வந்துவிடுகிறது. உட்காரும் பலகையையும் ஒரு துளை உயர்த்திக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் எடை ஏறும்போது உடல் சறுக்கி இறங்கும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எடை அதிகமானதும் பலர் இடுப்பைத் தூக்கி முதுகை வில்லாக வளைக்கிறார்கள். அப்படி வளைத்த உடனே மார்பின் சாய்வு குறைந்துவிடுகிறது. பெஞ்ச் 30 பாகையில் இருந்தாலும் நெஞ்சு பத்துப் பாகையில்தான் இருக்கும். ஃப்ளாட் பெஞ்சில் அதே வளைவைப் போட்டால் அது டிக்ளைன், அதாவது தலைப்பக்கம் தாழ்ந்த சாய்வு, ஆகிவிடும். பவர்லிஃப்டிங் போட்டிக்காரர்கள் பார் போகும் தூரத்தைக் குறைக்க இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். அவர்கள் நோக்கம் வேறு.

டிக்ளைன் பெஞ்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘லோயர் செஸ்ட்’டுக்கு அதுதான் மருந்து என்று பல பயிற்சியாளர்கள் நம்புகிறார்கள். 1997-இல் கிளாஸ், ஆர்ம்ஸ்ட்ராங் செய்த அளவையில், சாய்வு பெஞ்சைவிட டிக்ளைனில் கீழ்மார்பு அதிகம் இயங்கியது உண்மைதான். ஆனால் பார்னெட் குழு ஃப்ளாட்டோடு ஒப்பிட்டபோது ஃப்ளாட்டே மேலாக இருந்தது. ஃப்ளாட் பெஞ்ச் செய்பவருக்குக் கீழ்மார்பு பின்தங்குவது அரிது. தலைகீழாகப் படுத்து மூச்சை அடக்கித் தள்ளும் இந்த வகை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம். ஜிம்மில் இணைக்கம்பி இருந்தால் அதில் டிப்ஸ் எடுப்பது அதே வேலையை இன்னும் நன்றாகச் செய்யும்.

பிடிக்கும் அகலத்துக்கு வருவோம். அகலப் பிடித்தால் மார்பு, நெருக்கிப் பிடித்தால் மேல்கையின் பின்தசையான டிரைசெப்ஸ் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி சரி. அகலம் குறையக் குறைய டிரைசெப்ஸின் பங்கு கூடுவது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஆனால் 1995 ஆய்வில் நெருக்கிப் பிடித்தபோது மேல்மார்பும் கூடுதலாக இயங்கியது. காரணம் நாம் விரலால் தொட்டுப் பார்த்ததுதான்: முழங்கை உடலை ஒட்டி வரும்போது கை முன்னோக்கி உயர்கிறது, அந்த அசைவு காறையெலும்பு இழைகளின் வேலை. 2005-இல் லேமன், உள்ளங்கை முகத்தைப் பார்க்கும்படி தலைகீழாகப் பிடிக்கும் முறையிலும் மேல்மார்பின் இயக்கம் கூடுவதைக் கண்டார். அந்தப் பிடியில் பார் கையிலிருந்து நழுவினால் நேராகக் கழுத்துக்கு வரும். துணைக்கு ஆள் இல்லாமல் யாருக்கும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிக அகலமாகப் பிடிப்பதில் வேறு ஆபத்து. பார் நெஞ்சைத் தொடும் நேரத்தில் முழங்கைகள் உடலுக்குச் செங்குத்தாக விரிந்திருந்தால் தோள்மூட்டின் முன்புறம் அளவுக்கு மீறி இழுபடுகிறது. இரு தோள்முனைகளுக்கு இடையிலான அகலத்தைப்போல ஒன்றரை மடங்குக்குள் பிடி இருப்பது பாதுகாப்பு. பார் கீழே இருக்கும்போது கால்மாட்டிலிருந்து ஒருவர் பார்த்தால் முன்கை இரண்டும் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும், அதுவே எளிய சோதனை. முழங்கை உடலோடு ஐம்பது, அறுபது பாகை அளவில் இருக்கட்டும். பார் முலைக்காம்பின் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே தொட வேண்டும். அங்கிருந்து நேர்கோட்டில் ஏறாமல் தோளை நோக்கிச் சாய்வாக ஏறி, தோள்மூட்டுக்கு நேர் மேலே போய் நிற்க வேண்டும். சாய்வு பெஞ்சில் தொடும் இடம் இன்னும் இரண்டு மூன்று விரற்கடை மேலே.

நீளமான கையும் தட்டையான நெஞ்சும் உள்ளவர்கள் இதில் தனியாகக் கவனம் வைக்க வேண்டும். குட்டைக் கையும் பீப்பாய் நெஞ்சும் உள்ள ஒருவருக்கு பார் நெஞ்சைத் தொடும்போது முழங்கை பெஞ்ச் மட்டத்தைவிட கொஞ்சமே கீழே போகும். உயரமான, நீளக் கைக்காரருக்கு அது வெகு ஆழத்துக்கு இறங்கும். இருவருக்கும் ஒரே விதியைச் சொல்லி ‘பார் நெஞ்சைத் தொட்டே ஆகவேண்டும்’ என்று பயிற்சியாளர் வற்புறுத்துவது தவறு. நீளக் கைக்காரர்களுக்கு டம்பெல் நல்லது, ஏனென்றால் மணிக்கட்டைத் திருப்பி, முழங்கையை உள்ளே இழுத்துத் தோளுக்கு ஒத்துவரும் பாதையைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

டம்பெலுக்கும் பார்பெலுக்கும் உள்ள வேறுபாட்டில் அழகான ஓர் இயற்பியல் இருக்கிறது. 2011-இல் சேட்டர்பாக்கன் குழு, ஒரே ஆட்கள் பார்பெலிலும் ஸ்மித் இயந்திரத்திலும் டம்பெலிலும் எவ்வளவு தூக்குகிறார்கள் என்று பார்த்தது. டம்பெலில் தூக்கிய மொத்த எடை பார்பெலைவிட 17 சதவீதம் குறைவு. ஆனால் மார்புத்தசை மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு உழைத்தது. டம்பெலில் குறைந்தது டிரைசெப்ஸின் உழைப்பு. எடை குறைந்தும் மார்பின் வேலை குறையாதது எப்படி? பார்பெலைப் பிடித்துத் தள்ளும்போது நாம் மேல்நோக்கி மட்டும் தள்ளுவதில்லை. இரண்டு கைகளும் பாரை வெளிப்பக்கமாகவும் இழுத்துத் தள்ளுகின்றன. டஃபியும் சாலிஸும் பாரில் உணரிகளைப் பொருத்தி அளந்தபோது, இந்தப் பக்கவாட்டு விசை செங்குத்து விசையில் சுமார் கால் பங்கு இருந்தது. இப்படி வெளியே தள்ளுவது முழங்கையை நீட்டும் வேலை, அதாவது டிரைசெப்ஸின் வேலை. அந்த அளவுக்கு மார்பின் சுமை குறைகிறது. டம்பெலில் இது நடக்காது. இரண்டு கையும் தனித்தனியாக இருப்பதால் வெளிப்பக்கம் தள்ளினால் டம்பெல் அந்தப் பக்கமே போய்விடும். ஒவ்வொரு டம்பெலும் உள்ளங்கைக்கு நேர் மேலே நிற்க வேண்டும், டிரைசெப்ஸ் ஒத்தாசை செய்ய வழி குறைவு, மார்புதான் சுமக்க வேண்டும்.

அதனால் ‘டம்பெலில் எடை குறைகிறதே’ என்று கவலைப்படுபவர்களுக்கு என் பதில்: குறையட்டும். மார்புக்குப் போவது குறையவில்லை. அதோடு டம்பெலில் கீழே இறங்கும் ஆழம் கூடுதல்; நெஞ்சு நன்றாக விரிந்து, நீண்ட நிலையிலிருந்து தசை சுருங்க வேண்டியிருக்கிறது. ஒரே குறை, உச்சியில் இரண்டு கைகளும் தோளுக்கு மேலே வந்துவிட்ட பிறகு புவியீர்ப்பு எலும்பின் வழியாகவே இறங்கிவிடும், தசைக்கு வேலை இல்லை. அந்தக் கடைசிப் பகுதியைக் கேபிளில் பிடிக்கலாம். கேபிள் பக்கவாட்டிலிருந்து இழுப்பதால், இரு கைகளும் நடுவில் சேரும் இடத்திலும் இழுவை விடாது. கப்பியைக் கீழே இறக்கி, கீழிருந்து மேலாகக் கைகளைச் சேர்த்தால் மேல் இழைகளுக்கு அது இன்னொரு நல்ல வேலை.

பெஞ்ச் என்ற பலகையே இந்தக் கதையில் தாமதமாக வந்த பொருள். 1899-இல் ஜார்ஜ் ஹாக்கென்ஷ்மிட் 164 கிலோவைத் தரையில் படுத்துத் தள்ளினார். அவருக்குப் பெஞ்ச் கிடையாது. தொழிலால் அவர் மல்யுத்தக்காரர். புனேயின் பழைய பேட்டைகளில் இருக்கும் தாலீம்களில், அதாவது குஸ்திப் பயிற்சிக்கூடங்களில், இன்றும் செம்மண் களத்தில் பயில்வான்கள் எடுக்கும் தண்டாலுக்கும் பெஞ்ச் கிடையாது. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கத்தை வென்ற கே.டி. ஜாதவ் இதே மகாராஷ்டிரத்தின் சாதாரா மாவட்டத்துக்காரர். இந்த மண்களக் குஸ்தி மரபிலிருந்து போனவர். பயில்வான்களின் தண்டாலில் இடுப்பு முதலில் மேலே தூக்கியிருக்கும், நெஞ்சு தரையை உரசுவதுபோல முன்னால் வழுக்கிச் சென்று நிமிரும். ஒரே அசைவுக்குள் கையும் உடலும் சேரும் கோணம் தொடர்ந்து மாறிக்கொண்டே போகிறது. மார்பின் மேலும் கீழும் முறைவைத்து வேலை வாங்கும் முறை அது. பெஞ்சின் துளையை மாற்றி நாம் தேடுவதை அவர்கள் இடுப்பை அசைத்துத் தேடிக்கொண்டார்கள்.

சாங்வியிலிருந்து ஆற்றைத் தாண்டினால் கட்கி. அங்கே முதுகுத்தண்டு காயமடைந்த ராணுவ வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் இருக்கிறது. 1965 போரில் குண்டு பாய்ந்து, 1972-இல் ஹைடெல்பெர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற முரளிகாந்த் பேட்கரும் ராணுவத்திலிருந்து வந்தவர்தான். கால் இயங்காத ஒருவருக்கு மார்புத்தசை என்பது தோற்றம் பற்றிய விஷயமே இல்லை. சக்கர நாற்காலியை உருட்டுவதும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு உடலைத் தூக்கி மாற்றுவதும் இந்தத் தசையின், குறிப்பாக அதன் கீழ் இழைகளின் பொறுப்பு. பாராலிம்பிக் பவர்லிஃப்டிங்கில் பெஞ்ச் பிரஸ் மட்டுமே போட்டியாக இருப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. 2004 ஏதென்ஸில் ராஜிந்தர் சிங் ரஹேலு அதில் வெண்கலம் வென்றார். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் சுதீர் 212 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். இருவரும் போலியோ பாதித்தவர்கள். இந்தப் போட்டியில் கால்கள் தரையில் ஊன்றாமல் பெஞ்ச்மேல் நீட்டிக் கட்டப்பட்டிருக்க, காலின் உந்துதல் எதுவும் இல்லாமல் தள்ள வேண்டும். பாரை நெஞ்சில் அசையாமல் நிறுத்திய பிறகே ஏற்ற வேண்டும்.

அந்த நிறுத்தத்தைச் சாதாரணப் பயிற்சிக்கும் எடுத்துக்கொள்ளலாம். நம் ஜிம்களில் பார் நெஞ்சில் மோதித் துள்ளி எழுவதை அடிக்கடி பார்க்கிறேன். விலாக்கூட்டின் துள்ளலும், நீண்ட தசைநாண் சுருள்வதும் முதல் சில அங்குலத்தைத் தூக்கிக்கொடுத்துவிடுகின்றன. தசை மிக நீண்டிருக்கும், வளர்ச்சிக்கு மிகப் பயன்படும் அந்த இடத்தில் தசைக்கு வேலையே இல்லாமல் போகிறது. ஒரு நொடி நிறுத்தினால் எடையைக் கொஞ்சம் குறைக்க வேண்டிவரும். மார்பு வேலை செய்வது அன்றைக்குத்தான் தெரியும்.

இவற்றை எப்படிச் சேர்ப்பது? 2017-இல் ஷோன்ஃபெல்டும் சகாக்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஒரு தசைக்கு வாரத்துக்குப் பத்து செட்டோ அதற்கு மேலோ செய்தவர்களுக்கு வளர்ச்சி கூடுதலாக இருந்தது. இந்தப் பத்துப் பதின்மூன்று செட்டையும் திங்கட்கிழமை ஒரே மாலையில் கொட்டுவதைவிட இரண்டு நாளாகப் பிரிப்பதே நல்லது. ஆறாவது, ஏழாவது செட்டில் களைத்த தசையால் செய்யும் வேலையின் தரம் எல்லோருக்கும் தெரியும். என் கணக்கு இப்படி: திங்களன்று 30 பாகையில் டம்பெல் நான்கு செட், பிறகு ஃப்ளாட் பார்பெல் மூன்று செட். வியாழன் அல்லது வெள்ளியன்று சாய்வில் பார்பெல் மூன்று செட், நெஞ்சில் நிறுத்தி. அதன்பின் கீழிருந்து மேலாகக் கேபிள் மூன்று செட். எது பின்தங்கியிருக்கிறதோ அதை முதலில் செய்ய வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு ரெப் வரை வசதி. இருபது, இருபத்தைந்து ரெப் வரும் லேசான எடையும், இனி இரண்டு ரெப்புக்கு மேல் வராது என்ற நிலை வரை கொண்டுபோனால், தசையை வளர்க்கத்தான் செய்கிறது. தேர்ந்தெடுத்த வகைகளை இரண்டு மூன்று மாதமாவது மாற்றாமல் வைத்திருங்கள், இல்லையென்றால் முன்னேறுகிறோமா என்பதே தெரியாது. தள்ளும் செட் எத்தனையோ அத்தனை செட் முதுகுக்கு இழுக்கவும் வேண்டும். முன்னால் வளைந்த அந்தத் தோளுக்கு இதுவே மருந்து.

இனி தசைநாணின் அந்த முறுக்குக்கு வருகிறேன். மார்புத்தசை கிழிவதை முதன்முதலாகப் பதிவுசெய்தவர் பத்திசியே. 1822-இல் பாரிஸில், தொங்கிய இறைச்சியைக் கொக்கியிலிருந்து இறக்கிய ஒரு கசாப்புக்கடைப் பையனுக்கு அது நடந்தது. இன்று இந்தக் காயம் அதிகம் நேர்வது பெஞ்ச் பிரஸில், அதுவும் பாரை இறக்கும்போது. 1992-இல் வுல்ஃப் குழு காரணத்தைக் காட்டியது. அடிமார்பிலிருந்து வரும் இழைகள் கையெலும்பில் மேலே ஒட்டுவதால், முழங்கை உடலுக்குப் பின்னால் இறங்கும் கடைசி முப்பது பாகையில் அவை மற்ற இழைகளைவிட மிக அதிகமாக நீள்கின்றன. அந்த நிலையில் பெரிய எடை வேகமாக வந்து விழுந்தால் முதலில் அறுவது அவைதான். அகலப் பிடி, வேகமாக இறக்குதல், களைத்த கடைசி ரெப் மூன்றும் சேரும் இடம் அது. ‘டப்’ என்ற சத்தமும், மறுநாள் அக்குளிலிருந்து கை வரை பரவும் நீலமும் கண்டால் ஐஸ் வைத்துக் காத்திருக்கக் கூடாது; எலும்பியல் மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். சில வாரங்களுக்குள் தைத்தால் பழைய பலம் பெரும்பாலும் திரும்புகிறது. தனியாகத் தள்ளுபவர்கள் பாரின் முனையில் பூட்டுப் போடாதீர்கள். எடை நெஞ்சில் மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்துத் தட்டுகளை இறக்கிவிடலாம்.

ஸ்டெராய்டு எடுப்பவர்களிடம் இந்தக் கிழிசல் அதிகம் காணப்படுகிறது. தசை பலக்கும் வேகத்துக்குத் தசைநாண் பலப்படுவதில்லை. அதைவிட அவசரமாகச் சொல்ல வேண்டியது இன்னொன்று. மெஃபென்டெர்மின் என்ற ஊசிமருந்தை ஜிம் பையன்களுக்கு விற்றவர்களைப் புனேயிலும் பிம்ப்ரி-சிஞ்ச்வடிலும் போலீசார் பிடித்த செய்திகள் கடந்த சில ஆண்டுகளில் வந்தபடி இருக்கின்றன. அறுவை அரங்கில் முதுகில் மயக்க ஊசி போட்டபின் விழும் ரத்த அழுத்தத்தை உயர்த்த மருத்துவர்கள் பயன்படுத்தும் மருந்து அது. அது தசையை வளர்ப்பதில்லை. இதயத்தை விரட்டி, களைப்பை மறைத்து, இன்னும் இரண்டு செட் போட முடியும் என்று நம்பவைக்கிறது. பழகிப்போனால் விடுவது கடினம்; மனம் பேதலித்தவர்களும் உண்டு. பக்கத்து பெஞ்சில் இருப்பவர் ‘ஒரு தடவை போட்டுப் பாருங்க அண்ணா’ என்று நீட்டினால் மறுத்துவிட்டு, அந்த ஜிம்மை விட்டே வெளியேறலாம்.

உணவைப் பற்றி ஒரு சொல். தசை வளர்க்க முயல்பவருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1.6 கிராம் புரதம் வரை பயன் தெரிவதாக 2018-இல் மார்ட்டன் குழுவின் தொகுப்பாய்வு காட்டியது. எழுபது கிலோக்காரருக்கு நாளைக்கு 112 கிராம். இட்லி, சாம்பார், சாதத்தில் அது வராது. முட்டை, பனீர், சோயா, கொண்டைக்கடலை, மீன் என்று ஒவ்வொரு வேளையும் யோசித்துச் சேர்க்க வேண்டும்.

ஜிம் கட்டணம் கட்ட முடியாதவர்கள், வேலை முடிந்து வரும்போதே மணி பத்தாகிறவர்கள் சாங்வியில் நிறையப் பேர். அவர்களுக்கு இந்தக் கட்டுரையில் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2017-இல் ஜப்பானில் கிகுச்சியும் நகாசாடோவும், லேசான எடையில் பெஞ்ச் பிரஸ் செய்தவர்களையும், அதே அளவு சுமை வரும்படி தண்டால் எடுத்தவர்களையும் எட்டு வாரம் ஒப்பிட்டார்கள். மார்புத்தசையின் வளர்ச்சி இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது. 2011-இல் எபென் குழு, தண்டாலில் கைமேல் எவ்வளவு எடை விழுகிறது என்று அளந்தது. சாதாரணத் தண்டாலில் உடல் எடையில் 64 சதவீதம், முட்டியை ஊன்றினால் 49, கையை அறுபது சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் 41, காலை அதே உயரத்தில் வைத்தால் 74. எழுபது கிலோக்காரர் காலை நாற்காலியில் வைத்துத் தண்டால் எடுத்தால் ஐம்பது கிலோவுக்கு மேல் தள்ளுகிறார், அதுவும் சாய்வு பெஞ்சுக்கு நெருங்கிய கோணத்தில். புதியவர் மாடிப்படியின் மூன்றாவது படியில் கையை வைத்துத் தொடங்கலாம். பதினைந்து சுலபமாக வந்ததும் ஒரு படி இறங்க வேண்டும், தரைக்கு வந்ததும் காலை படியில் ஏற்ற வேண்டும். உள்ளங்கைக்கு அடியில் இரண்டு தடித்த புத்தகங்களை வைத்தால் நெஞ்சு இன்னும் ஆழமாக இறங்கும். அதிலும் இருபத்தைந்தைத் தாண்டிவிட்டால், ஆபீஸ் பையில் இரண்டு தண்ணீர் பாட்டிலை வைத்து முதுகில் மாட்டிக்கொள்ளலாம்.